நம்பர் 2 மூடியது, கீச்சுச் சத்தமும் ஒழிந்தது

மூடிவிட்டது மக்களே! நம்பர் 2 கிரிப்பர், அதாவது இரண்டு கைப்பிடியும் நடுவில் ஸ்பிரிங்கும் வைத்த, கையால் அமுக்கி மூடும் கருவி. வலது கை, கைப்பிடிகளுக்கு நடுவில் ஒரு வங்கி அட்டை அகலம் விட்டுப் பிடித்து, முழுதாக மூடிவிட்டது. முதலில் அந்தக் க்ளிப்பைப் போடுகிறேன், அப்புறம் பேசலாம். கேட்டதா? அந்த ‘டிக்’. இரண்டு கைப்பிடிகளும் முட்டிக்கொள்ளும் சத்தம். இருங்கள், இன்னொரு தடவை. டிக்! இதை ரிங்டோனாக வைக்கப்போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். யாரும் பதில் சொல்லவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இந்த நம்பர் 2 என்னை என்ன பாடு படுத்தியது என்று தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும். இதைவிட லேசான 1.5 கிரிப்பர் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. இதில் மட்டும் கடைசி இரண்டு மில்லிமீட்டரில் போய் நின்றுவிடும். வீடியோவுக்கு வீடியோ முகம் சிவக்கும், கழுத்து நரம்பு புடைக்கும், அந்த இடைவெளி மட்டும் அப்படியே இருக்கும். ‘அதுதான் மூடிவிட்டதே’ என்று நல்ல மனசுக்காரர்கள் சிலர் எழுதினீர்கள். இல்லை. நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அது மூடியதாகாது. இதில் நான் ரொம்பக் கறார்.

அந்த இரண்டு மில்லிமீட்டருக்கு ஏன் இவ்வளவு அலட்டல்? அங்கேதான் விஷயமே இருக்கிறது. கிரிப்பரில் இருப்பது முறுக்கு ஸ்பிரிங். எவ்வளவு மூடுகிறீர்களோ அவ்வளவு பலமாகத் திருப்பித் தள்ளும். நம் கை அதற்கு நேர் எதிர். விரல்கள் பாதி மடங்கியிருக்கும்போது பலம் நன்றாக இருக்கும். உள்ளங்கைக்குள் முழுதாகச் சுருண்ட பிறகு தசை ஏற்கெனவே குறுகிப்போயிருக்கும், அதனிடம் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. ஸ்பிரிங் உச்சத்தில் இருக்கும் அதே இடத்தில் விரல் அடிமட்டத்தில் இருக்கிறது. முக்கால்வாசி மூடுவதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். அதைச் செய்துவிட்டு ‘கிட்டத்தட்ட மூடிவிட்டேன்’ என்று சொல்வது எனக்குப் பிடிக்காது.

சரி, இப்போது கோபமான விஷயத்துக்கு வருகிறேன். போன வீடியோவுக்குக் கீழே ஒருவர், ‘நான் 300 பவுண்டை அசால்ட்டாக மூடுகிறேன், நீங்கள் 195க்கே இப்படித் திணறுகிறீர்களே’ என்று எழுதியிருந்தார். எந்தக் கிரிப்பர் என்று கேட்டேன். பிளாஸ்டிக் கைப்பிடி, நடுவில் திருகு வைத்தது. ஐயா, அதே மாதிரி ஒன்று என்னிடமும் இருக்கிறது. திருகைக் கடைசி வரை திருப்பி வைத்துவிட்டு, போனில் பேசிக்கொண்டே அமுக்கிக்கொண்டிருப்பேன். அதில் அச்சடித்திருப்பது எண், அவ்வளவுதான். அட்டையில் எதை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், மைக்கு ஒன்றும் வலிக்கப்போவதில்லை.

நான் பயன்படுத்துவது கேப்டன்ஸ் ஆஃப் க்ரஷ் என்று உங்களுக்குத் தெரியும். அயன்மைண்ட் தயாரிப்பு. அதன் கணக்கில் நம்பர் 1 என்றால் 140 பவுண்டு, 1.5க்கு 167.5, நம்பர் 2க்கு 195, நம்பர் 3க்கு 280, நம்பர் 4க்கு 365. இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 195 என்றால் 195 பவுண்டு எடையைத் தூக்கியதாக அர்த்தம் இல்லை. ஒரு கைப்பிடியை இறுக்கிப் பொருத்தி, இன்னொன்றின் நுனியில் எடை தொங்கவிட்டு, இரண்டும் தொடும் வரை ஏற்றி அளக்கும் ஒரு முறை இருக்கிறது. அப்படி அளந்தால் ஒரு சராசரி நம்பர் 2, நூற்றுச் சொச்சம் பவுண்டில் மூடிவிடும். எடையை எந்த இடத்தில் தொங்கவிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து எண்ணே மாறும். ஸ்பிரிங்கிலிருந்து தூரம் போகப் போக நெம்புகோல் நீளம் கூடும், எடை குறைவாகவே போதும். அதனால் ஒரு தயாரிப்பாளர் போட்ட எண்ணை இன்னொருவருடைய எண்ணோடு ஒப்பிடவே முடியாது. இரண்டு நம்பர் 2 கிரிப்பர்களை அளந்தால்கூடக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ‘எத்தனை பவுண்டு’ என்று கேட்காதீர்கள். ‘எந்தக் கிரிப்பர், எவ்வளவு திறந்த நிலையிலிருந்து’ என்று கேளுங்கள்.

இந்தத் திறந்த நிலையைத்தான் செட் என்கிறோம். இன்னொரு கையால் அமுக்கிப் பாதிக்கு மேல் மூடிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் ஒரு கையால் முடிப்பது ஆழமான செட். பயிற்சிக்கு நல்லது, பெருமையடிக்க ஆகாது. இரண்டு கைப்பிடிகளும் இணையாக வரும் வரை கொண்டுவந்து ஆரம்பிப்பது இன்னொன்று. அட்டை அகல செட் என்றால், ஆரம்பிக்கும்போது கைப்பிடி நுனிகளுக்கு நடுவில் ஒரு வங்கி அட்டையின் குறுகிய பக்கம் நுழைய வேண்டும். 54 மில்லிமீட்டர். நம்பர் 3க்கும் அதற்கு மேலும் அயன்மைண்ட் சான்றிதழ் கொடுக்கிறதே, அங்கே இதுதான் விதி. நம்பர் 3இல் முதல் ஆள் ரிச்சர்ட் சோரின், 1991. நம்பர் 4இல் முதல் ஆள் ஜோ கின்னி, 1998. அந்த 365ஐ நான் பார்த்து ரசிப்பதோடு சரி.

ஆங், சத்தம்! சத்தத்தைப் பற்றிச் சொல்லாமலே போயிருப்பேன். போன மூன்று நாலு வீடியோவில் நான் அமுக்கும்போதெல்லாம் ‘கீ...ச்’ என்று ஒரு சத்தம் வந்ததே, ‘உங்கள் முழங்கையைக் காட்டுங்கள், டாக்டரைப் பாருங்கள்’ என்று எத்தனை பேர் பயந்துபோய் எழுதினீர்கள்! முழங்கை இல்லை. நானும் முதலில் நாற்காலியைச் சந்தேகப்பட்டேன். நின்றுகொண்டு அமுக்கினேன், கீச். மைக்கை மாற்றினேன், கீச், இன்னும் துல்லியமாகக் கீச். கடைசியில் பார்த்தால் ஸ்பிரிங். மூடும்போது சுருள்கள் இறுகி ஒன்றோடொன்று உரசுகின்றன, அதுதான் கத்துகிறது. பலத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் நள்ளிரவில் பயிற்சி செய்கிற எனக்கு அது வாழ்க்கைப் பிரச்சினை. காது குடையும் பஞ்சுக் குச்சியில் மெல்லிய மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தொட்டு, சுருள்களுக்கு நடுவில் வைத்து, நாலைந்து தடவை மெதுவாகத் திறந்து மூடி, வழிந்ததைத் துணியால் ஒற்றி எடுத்தேன். தலைகீழாகப் பிடித்துத்தான் செய்ய வேண்டும், இது முக்கியம். ஸ்பிரிங் கீழே, கைப்பிடி மேலே. இல்லாவிட்டால் எண்ணெய் கைப்பிடிக்கு இறங்கும், அந்தச் சொரசொரப்பு வெட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் கையில் எத்தனை வெள்ளைத் தூள் போட்டாலும் வழுக்கும். இப்போது கேளுங்கள். நிசப்தம். நம்பர் 2ஐ மூடியதைவிட இதில்தான் எனக்குச் சந்தோஷம் அதிகமோ என்று சந்தேகமாக இருக்கிறது.

தூள் என்றதும் ஞாபகம் வருகிறது. மெக்னீசியம் கார்பனேட், ஜிம்னாஸ்டிக்ஸ்காரர்கள் பூசுவது. கொஞ்சம் போதும்.

இப்போது எப்படி மூடினேன் என்று. பெரிய ரகசியம் ஏதும் இல்லை, வைக்கும் இடம்தான். ஒரு கைப்பிடியைக் கட்டை விரலின் அடிச்சதையில் பதித்து வைக்கிறேன். உள்ளங்கையின் நடுவில் வைத்தால் விரல்கள் சுற்றி வர இடம் பத்தாது. சுண்டு விரல் மறு கைப்பிடியின் நுனியோரம் போய் நன்றாகக் கொக்கி போட வேண்டும். நாலு விரலில் அதுதான் நோஞ்சான், ஆனால் நெம்புகோல் அதிகமாகக் கிடைக்கும் இடத்தில் இருப்பதும் அதுதான். அப்புறம் மணிக்கட்டு. சிரமப்படும்போது எல்லோருக்கும் மணிக்கட்டு உள்பக்கம் மடங்கும். மடங்கியதும் பிடி போய்விடும். வேண்டுமானால் இப்போதே மணிக்கட்டை உள்ளே மடக்கிக்கொண்டு முஷ்டியை இறுக்கிப் பாருங்கள். முடியாது. கொஞ்சம் பின்பக்கம் சாய்ந்த மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். காரணம், விரல்களுக்குள் மடக்கும் தசையே கிடையாது. இழுக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் மணிக்கட்டு வழியாக விரலுக்குப் போகின்றன, பொம்மலாட்டக் கயிறு மாதிரி. மணிக்கட்டை மடக்கினால் கயிறு தளர்ந்துவிடும்.

பயிற்சியில் என் விருப்பம் நெகடிவ். நம்பர் 2.5ஐ இரண்டு கையாலும் மூடிவிட்டு, ஒரு கையை எடுத்துவிட வேண்டும். திறக்க விடாமல் எதிர்த்துக்கொண்டே இருப்பது. திறக்கத்தான் செய்யும், ஆனால் மெதுவாகத் திறக்க வேண்டும். இன்னொன்று, சுலபமான கிரிப்பரை மூடி, மூடிய பிறகும் விடாமல் நசுக்குவது. அந்தக் கடைசி இரண்டு மில்லிமீட்டர் இதில்தான் சரியானது என்று நினைக்கிறேன். எண்ணிக்கை குறைவு, ஓய்வு அதிகம், வாரத்தில் இரண்டு மூன்று நாள். டிவி பார்த்துக்கொண்டே தினமும் நூறு நூறாக அமுக்குகிறவர்களைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது. அது களைப்புத் தாங்கும் பயிற்சி. அதையே கனமான கிரிப்பரில் தினமும் செய்தால் முழங்கையின் உள்பக்கம் வலி வந்து உட்கார்ந்துகொள்ளும். தசை சீக்கிரம் தேறிவிடும், தசைநாண் மெதுவாகத்தான் வரும்.

இதைச் சொல்ல விட்டுப்போய்விட்டது: கடைசியில் ரப்பர் பேண்ட். ஐந்து விரலையும் சுற்றி மாட்டி, வெளிப்பக்கம் விரிப்பது. மூடும் தசைக்கே எல்லாச் சோறும் போட்டால் திறக்கும் தசை பட்டினி கிடக்கும். பார்க்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும், நான் ஒரு நாளும் விடுவதில்லை.

இன்னொரு எரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். ‘பிடி பலம் இருந்தால் ஆயுள் கூடும், ஆகவே இந்தக் கிரிப்பரை வாங்குங்கள்’ என்று ஒரு விளம்பரம் சுற்றுகிறது. 2015இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வைக் காட்டுகிறார்கள். ஆய்வு உண்மைதான். 17 நாடுகள், கிட்டத்தட்ட 1,40,000 பேர். பிடி பலம் 5 கிலோ குறையக் குறைய இறப்பு அபாயம் 16 சதவீதம் அதிகமாக இருந்தது. ஆனால் அங்கே பிடி பலம் என்பது உடம்பு மொத்தமும் எப்படி இருக்கிறது என்று காட்டும் அளவுகோல். கிரிப்பர் அமுக்கியவர்கள் கூடுதலாக வாழ்ந்தார்கள் என்று அதில் எங்கேயும் இல்லை. கிரிப்பர், கட்டை விரலுக்குக்கூட முழுப் பயிற்சி தராது. எடைத் தகடை விரல்களால் கிள்ளித் தூக்குவது தனி, தடித்த கம்பியைப் பிடித்துத் தொங்குவது தனி. நான் அமுக்குவது அந்த ‘டிக்’குக்காக. அது போதாதா?

இடது கை நம்பர் 2இல் இன்னும் ஒரு விரல் இடைவெளியில் நிற்கிறது, 1.5 மட்டும் மூடுகிறது. அடுத்த வீடியோ அதுதான். செட் செய்வதைப் பக்கவாட்டிலிருந்து காட்டச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். கேமராவை இந்தப் பக்கம் மாற்றி, அட்டையை நடுவில் நுழைத்துக் காட்டிவிட்டே ஆரம்பிக்கிறேன்.