82 வயசுல விண்வெளிக்குப் போன வாலி ஃபங்க்

எல்லாருக்கும் வணக்கம். முன் வரிசைல பெரியவங்க நிறைய பேர் உக்காந்திருக்கீங்க, அதனால உங்க வயசுக்காரங்க ஒருத்தங்கள பத்தியே பேசிடலாம்னு வந்தேன். பேரு வாலி ஃபங்க். அமெரிக்கால நியூ மெக்சிகோ மாநிலத்துல 1939-ல பொறந்தவங்க.

இருபது வயசுலயே ராணுவ தளத்துல விமானம் ஓட்ட சொல்லிக்குடுத்துட்டு இருந்தாங்க. 1960-ல, நாசாவோட முதல் 7 விண்வெளி வீரர்களுக்கு மெடிக்கல் டெஸ்ட் எடுத்த டாக்டர் லவ்லேஸ், அதே டெஸ்ட பெண்களுக்கும் எடுத்துப் பாப்போம்னு தன் பொறுப்புல ஆரம்பிச்சார், நாசா திட்டம் இல்ல அது. இவங்க உடனே நானும் வர்றேன்னு எழுதிப் போட்டாங்க.

அந்த டெஸ்ட் லேசுப்பட்டது இல்லங்க. காதுக்குள்ள ஐஸ் தண்ணிய விடுவாங்க, உள்காது ஜில்லுனு ஆனதும் தலை கிறுகிறுன்னு சுத்தும், கண்ணு நிலை கொள்ளாம ஆடும், அது அடங்க எவ்ளோ நேரம் ஆகுதுன்னு ஒருத்தர் பக்கத்துல நின்னு பாத்துட்டே இருப்பார். இன்னொண்ணு தொட்டி. உடம்பு சூட்டுக்கு வெதுவெதுன்னு தண்ணி, கும்மிருட்டு, ஒரு சத்தம் கிடையாது, கொஞ்ச நேரத்துல கை எங்க முடியுது தண்ணி எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாம போயிடும்... அதுல வாலி 10 மணி நேரம் 35 நிமிஷம் மிதந்தாங்க! வெளிய வரச் சொன்னதே டாக்டர்தான்.

13 பெண்கள் பாஸ் பண்ணாங்க. அடுத்த கட்டம் ஃப்ளோரிடால கடற்படை தளத்துல நடக்கணும், கிளம்ப சில நாள் இருக்கும்போது கேன்சல்னு தந்தி வந்துச்சு. நாசாவோட விதிப்படி, ஜெட் விமானத்த ஓட்டிச் சோதிக்கற டெஸ்ட் பைலட்டா இருக்கணும், அத சொல்லிக்குடுக்கற ராணுவ ஸ்கூல்ல அப்ப பெண்கள சேக்கவே மாட்டாங்க, அப்புறம் எப்படி? 1962-ல நாடாளுமன்ற கமிட்டி விசாரிச்சும் ஒண்ணும் நடக்கல. பூமிய சுத்தி வந்த முதல் அமெரிக்கர் ஜான் க்ளென்னே அங்க வந்து, பெண்கள் இந்த துறைல இல்லாதது நம்ம சமூக வழக்கம்னு சொல்லிட்டுப் போனார். அடுத்த வருஷமே சோவியத்ல வாலண்டினா தெரஷ்கோவா விண்வெளிக்குப் போயிட்டாங்க. இத படிச்சப்ப எனக்கு வயித்தெரிச்சலா இருந்துச்சு, இப்பவும் இருக்கு.

ஆனா வாலி உக்காந்து அழல, இதுக்காகத்தான் இவங்கள பத்தி பேசணும்னு நெனச்சேன். 3,000 பேருக்கு மேல விமானம் ஓட்ட சொல்லிக்குடுத்தாங்க, தானும் 19,600 மணி நேரம் பறந்தாங்க. 1974-ல அமெரிக்க போக்குவரத்து பாதுகாப்பு வாரியத்துல விமான விபத்த விசாரிக்கற அதிகாரி ஆனாங்க, அந்த வேலைல அங்க முதல் பெண் இவங்கதான். விழுந்து கிடக்கற விமானத்த துண்டு துண்டா பாத்த மனுஷி, அதுக்கப்புறமும் மேல போகணுங்கற ஆசை போகல பாருங்க. 2010-ல 2 லட்சம் டாலர் குடுத்து ஒரு தனியார் விண்வெளி பயணத்துக்கு டிக்கெட்டும் வாங்கி வெச்சாங்க, அப்ப வயசு 71.

கடைசில தன்னோட கம்பெனி ராக்கெட்ல வரச்சொல்லி கூப்பிட்டது அமேசான ஆரம்பிச்ச ஜெஃப் பெசோஸ். 2021 ஜூலை 20, டெக்சாஸ் பாலைவனம். ராக்கெட்ல நாலு பேர், ஒரு பையனுக்கு 18 வயசு, வாலிக்கு 82. மொத்தம் பத்து நிமிஷப் பயணம், 100 கிலோமீட்டருக்கு மேல போய்ட்டு வந்தாங்க. அதுவரைக்கும் விண்வெளிக்குப் போனவங்கள்ல மூத்தவர் அதே ஜான் க்ளென், 1998-ல 77 வயசுல போனவர். வாலி கீழ இறங்கினதும் ரெண்டு கையையும் விரிச்சிட்டு வந்தாங்க, இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம், மறுபடி சீக்கிரம் போகணும்னாங்க.

எட் ட்வைட்னு இன்னொருத்தர், அவரையும் சொல்லாம விட முடியல. அமெரிக்க விமானப்படை பைலட், கறுப்பினத்தவர், 1960-கள்ல விண்வெளி வீரர் பயிற்சி வரைக்கும் வந்தும் நாசா எடுக்கல. அப்புறம் சிற்பி ஆயிட்டார், வெண்கல சிலையா செஞ்சு தள்ளினார். 2024 மே மாசம், 90 வயசுல விண்வெளிக்குப் போனார், கூட நம்ம ஆந்திரால பொறந்த பைலட் கோபி தோட்டகுராவும் அதே ராக்கெட்ல. இது என் வாழ்க்கைக்குத் தேவையே இல்லன்னு இத்தன நாளா நெனச்சிட்டு இருந்தேன், இல்ல, தேவைப்படுதுன்னு இறங்கி வந்து சொன்னார் அந்த மனுஷன்.