64 பிட் எண்ணைக் கொடுத்தா லாக் ஏன் உளறுது?

அடுத்த கேள்வி பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில இருந்து. எஸ்.பி. ரோட்டுல வாங்கின கார்டெக்ஸ் எம்3 போர்டாம், அதாவது 32 பிட் ஆர்ம் சிப். மெசேஜ் அச்சடிக்க சொந்தமா ஒரு லாக் ஃபங்ஷன், பிரிண்ட்எஃப் மாதிரியே கடைசியில மூணு புள்ளி, அதாவது எத்தனை மதிப்பு வேணா குடுக்கலாம். 64 பிட் டைம்ஸ்டாம்ப், ஒரு கவுன்ட், ரெண்டுக்கும் பர்சென்ட் டி (32 பிட் எண்ணுக்கான குறி) போட்டிருக்கார். லேப்டாப்புல சரியா வருது, போர்டுல ரெண்டும் தப்பு. இது கம்பைலரோட பிழையான்னு கேக்கிறார்.

பாவம், கம்பைலரை விட்டுடுங்க. மூணு புள்ளிக்குள்ள என்ன டைப் வந்துச்சுன்னு உள்ள இருக்கிற ஃபங்ஷனுக்குத் தெரியாது. ஃபார்மேட், அதாவது பர்சென்ட் டி இருக்கிற ஸ்ட்ரிங், சொல்றதை நம்பித்தான் எடுக்கும். ஆர்ம்ல முதல் நாலு வேர்ட் (ஒண்ணு 32 பிட்) ஆர்0ல இருந்து ஆர்3 வரைக்குமான ரிஜிஸ்டர்கள்ல போகும். ஆர்0ல ஃபார்மேட் உக்காந்துடுச்சு. 64 பிட் மதிப்பு இரட்டைப்படை ரிஜிஸ்டர்லதான் தொடங்கணும். அதனால ஆர்1 சும்மா கிடக்கும், டைம்ஸ்டாம்ப் ஆர்2, ஆர்3ல, கவுன்ட் மெமரியில இருக்கிற ஸ்டாக்குக்குப் போயிடும். முதல் பர்சென்ட் டி எடுக்கிறது ஆர்1, அதுல பழைய குப்பை. ரெண்டாவது எடுக்கிறது ஆர்2, டைம்ஸ்டாம்ப்போட கீழ்ப்பாதி. கவுன்ட்டை யாரும் தொடவே இல்ல! லேப்டாப்புல ஆளுக்கொரு 64 பிட் ரிஜிஸ்டர், அதனால குட்டு வெளிப்படல.

நேர்ல பாக்கணுமா? ஜிடிபி டீபக்கர்ல பிரேக்பாயின்ட் போடும்போது ஃபங்ஷன் பேருக்கு முன்னாடி ஸ்டார் போடுங்க. இல்லன்னா புரோலாக் (ஃபங்ஷனோட ஆரம்ப ஏற்பாட்டுக் கோட்) தாண்டிதான் நிக்கும், ஸ்டாக் எங்கன்னு காட்டுற எஸ்பி ரிஜிஸ்டர் நகர்ந்திருக்கும். நின்னதும் ஆர்0-ஆர்3 பாருங்க, எஸ்பியில இருந்து நாலு வேர்ட் பாருங்க. கவுன்ட் 7ன்னா, அந்த 7 எஸ்பி காட்டுற முதல் வேர்ட்லயே இருக்கும்.

சரி பண்ண, ஜிசிசியோட ஃபார்மேட் ஆட்ரிபியூட்டை லாக் டிக்ளரேஷன்ல சேருங்க. ஃபார்மேட் முதல் ஆர்க்யுமென்ட்னா அதுல போட வேண்டிய எண்கள் 1, 2: ஃபார்மேட் இருக்கிற இடம், மதிப்புகள் தொடங்குற இடம். வார்னிங் ஆல் (டபிள்யூஆல்) ஆப்ஷன் ஆன்ல இருந்தா பில்ட்லயே கத்தும். ஆனா உடனே 64 பிட்டுக்கான பர்சென்ட் எல்எல்யுன்னு மாத்திடாதீங்க. சின்ன சிப்புகளுக்கான சி லைப்ரரி நியூலிப் நானோன்னா மதிப்புக்குப் பதிலா "எல்யு"ன்னு எழுத்தா அச்சாகும். டைம்ஸ்டாம்ப்பை 32 பிட் துண்டு ரெண்டா வெட்டி, அன்சைன்ட் லாங்குக்கு காஸ்ட் பண்ணி, பர்சென்ட் 08எல்எக்ஸ் ரெண்டு தடவை போடுங்க, போதும்.

ஃப்ளோட்லயும் இதே மாதிரி வந்தா: நானோவுல ஃப்ளோட் அச்சடிக்கிற பகுதியை (பிரிண்ட்எஃப் ஃப்ளோட்) லிங்கர்ல தனியா இழுக்கணும். அதுக்கப்புறமும் குப்பைன்னா ஆர்டிஓஎஸ் (போர்டுல ஓடுற சின்ன ஓஎஸ்) டாஸ்க்கோட ஸ்டாக்கைச் சந்தேகப்படுங்க. ஃபங்ஷன் வாசல்ல எஸ்பியோட கடைசி ஹெக்ஸ் இலக்கம் 0 அல்லது 8 தான் இருக்கணும். 4 அல்லது சி இருந்தா டபுளை (மூணு புள்ளி வழியா ஃப்ளோட் 64 பிட் டபுளாத்தான் போகும்) 4 பைட் தள்ளிப் படிக்கும்.