கம்பெனி வைத்த பெயர்

அனைவருக்கும் வணக்கம். கானாவுக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் தங்கக் கடற்கரை. அங்கே என்ன கிடைத்ததோ அதையே பெயராக வைத்துவிட்டான். ஆனால் இன்றைய ஜிம்பாப்வேக்கு ஒரு முதலாளியின் பெயரையே வைத்தார்கள், அதுவும் அவர் உயிரோடு இருக்கும்போதே. ரொடீசியா!

அந்த முதலாளி செசில் ரோட்ஸ். வைரச் சுரங்கத்தில் பணம் பார்த்தவர். 1888-இல் அவருடைய ஆட்கள் அந்தப் பகுதியை ஆண்ட மன்னர் லோபெங்குலாவிடம் ஓர் ஒப்பந்தத்தில் அடையாளம் வாங்கினார்கள். மன்னருக்கு மாதம் 100 பவுண்டு, 1,000 துப்பாக்கி, ஒரு லட்சம் தோட்டா, அப்புறம் ஜாம்பசி ஆற்றில் விட ஒரு பீரங்கிப் படகு. பதிலுக்கு, அவர் நாட்டுக் கனிமம் முழுவதையும் தோண்டும் உரிமை. கவனியுங்கள், தோண்டத்தான் உரிமை, ஆள அல்ல! விஷயம் புரிந்ததும் மன்னர் விக்டோரியா ராணிக்கே மறுப்புக் கடிதம் அனுப்பினார். என்ன பயன்? 1889-இல், ஆளவும் அனுமதி தரும் ராணியின் சாசனம் ரோட்ஸின் கம்பெனிக்குத்தான் கிடைத்தது. மறுவருஷமே கம்பெனிப் படை உள்ளே புகுந்து கோட்டை கட்டியது. அதற்குச் சாலிஸ்பரி என்று அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் பெயர். பின்னே, அவரையும் குளிர்விக்க வேண்டாமா? 1895-இல் ரொடீசியா என்ற பெயரைக் கம்பெனியே அதிகாரபூர்வமாக்கியது. 1923 வரை கம்பெனி ராஜ்யம்தான்.

ஜிம்பாப்வே என்ற பெயர் எங்கிருந்து வந்தது? நாட்டின் தென்பகுதியில் மாஸ்விங்கோ ஊருக்குப் பக்கத்தில் கிரேட் ஜிம்பாப்வே என்ற பழைய நகரம் ஒன்று இருக்கிறது. சாந்தே இல்லாமல் கருங்கல்லை அடுக்கி எழுப்பிய மதில், சில இடங்களில் 11 மீட்டர் உயரம். அந்நாட்டு ஷோனா இன மக்களின் முன்னோர் கட்டியது. வெள்ளையர்களால் இதை ஜீரணிக்க முடியவில்லை. மத்தியதரைக் கடலோர ஃபினீசியர் கட்டினார்கள், பைபிளில் வரும் ஷேபா ராணி கட்டினாள் என்று கதை அளந்தார்கள். 1905-இலும் 1929-இலும் தொல்லியலாளர்கள் தோண்டிப் பார்த்து, கட்டியவர்கள் ஆப்பிரிக்கர்களே என்று எழுதினார்கள். அப்படியும் பின்னாளில் வந்த வெள்ளையர் ஆட்சியின் பிரதமர் இயன் ஸ்மித்தின் அரசு அந்தப் பேச்சை அமுக்கவே பார்த்தது. பீட்டர் கார்லேக் என்ற ஆய்வாளர் 1970-இல் நாட்டை விட்டே போக வேண்டியதாயிற்று. விடுதலை இயக்கங்களோ 1960-களின் தொடக்கத்திலேயே ஜிம்பாப்வேயைத் தங்கள் கட்சிப் பெயரில் சேர்த்துக்கொண்டன. எந்தக் கல்லை ஆப்பிரிக்கன் தொடவில்லை என்றார்களோ, அந்தக் கல் நகரத்தின் பெயரையே கையில் எடுத்தார்கள்.

1979-இல் ஒரு கூத்து. பழையதையும் விட மனசில்லாமல், புதியதையும் மறுக்க முடியாமல் 'ஜிம்பாப்வே ரொடீசியா' என்று பெயர் சூட்டினார்கள். ஆறேழு மாதம் தாங்கியது. 1980 ஏப்ரல் 18-இல் நாடு விடுதலை பெற்றது, ரொடீசியா போயிற்று. இரண்டு வருஷம் கழித்து தலைநகர் சாலிஸ்பரியும் ஹராரே ஆனது.

ரோட்ஸின் கல்லறை மட்டும் அங்கேயே மடோபோ குன்றுகளில் இருக்கிறது. தோண்டி இங்கிலாந்துக்கே அனுப்புங்கள் என்று சிலர் கேட்டும் அரசு அசையவில்லை. சுற்றுலாப் பயணிகள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.