குண்டு விரியும் தூரம்

அவையோருக்கு வணக்கம்.

வேட்டைக் குண்டு எங்கே தோற்கும் என்று கேட்டால், தொலைவில் என்றுதான் பலரும் சொல்வார்கள். 1946இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், ஜான் நாஸ்லர் என்ற அமெரிக்கருக்கு அது கிட்டத்திலேயே தோற்றது. எதிரே நின்றது மூஸ் என்னும் மிகப் பெரிய மான். உடலெல்லாம் காய்ந்த சேறு. அவர் கையில் இருந்ததோ வேகத்துக்குப் பெயர்பெற்ற .300 மேக்னம் ரைஃபிள். குண்டுகள் குறி தவறவில்லை. ஆனால் பட்ட வேகத்திலேயே உடைந்து சிதறின; உள்ளுறுப்புகளை எட்டவில்லை.

ஏன் அப்படி? வேட்டைக் குண்டு பெரும்பாலும் ஈயத்தாலானது. மேலே செம்புக் கலவை உறை. உடலில் நுழைந்ததும் அதன் முனை காளான்போல் விரிய வேண்டும். விரிந்தபடியே நுரையீரலையோ இதயத்தையோ எட்டவும் வேண்டும். வேகம் மிகுந்தால் விரிவதற்குப் பதிலாகச் சிதறிப்போகும். வேகம் குறைந்தால் விரியாமலேயே சிறு துளையிட்டு மறுபக்கம் போய்விடும். நாஸ்லர் கண்ட வழி அழகானது. குண்டின் நடுவே செம்புத் தடுப்பு ஒன்றை வைத்தார். முன்பகுதி விரிந்து சிதைந்தாலும் பின்பகுதி எடை குறையாமல் ஊடுருவும். 1948இல் ‘பார்ட்டிஷன்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்த அந்தக் குண்டு இன்றும் வேட்டைக்காரர்களின் கையில் இருக்கிறது.

இனித் தொலைவுக்கு வருவோம். .30-06 என்னும் வகை ரைஃபிளிலிருந்து 180 கிரெயின் (சுமார் 11.7 கிராம்) எடையுள்ள குண்டு விநாடிக்குச் சுமார் 820 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. 400 கஜத்தில் அந்த வேகம் ஏறக்குறைய 600 மீட்டராகிவிடும். வேகத்தில் போனது கால் பங்குக்குச் சற்று அதிகம்தான். ஆற்றலிலோ ஏறத்தாழப் பாதி போய்விட்டது, ஏனெனில் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பல குண்டுகள் சரியாக விரிய விநாடிக்கு 550 மீட்டர் வேகமாவது வேண்டும். வேகம் அதற்கும் கீழே இறங்கிவிடும் தூரத்தில், ரைஃபிளின் தொலைநோக்கி எவ்வளவு தெளிவாகக் காட்டினாலும் சுடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. குண்டு போய்ச் சேர அரை விநாடிக்கு மேலாகிறது; அதற்குள் மான் ஓர் அடி எடுத்து வைத்தாலே நுரையீரலுக்கு வைத்த குறி வயிற்றில் படும்.

காயப்பட்டுத் தப்பிய விலங்கின் கதி நம் நாட்டுக்குத் தெரியாததல்ல. குமாவுன் மலையில் 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்படும் சம்பாவத் பெண்புலியை 1907இல் வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் சுட்டு வீழ்த்தினார். அதன் வலப்பக்கக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. யாரோ எப்போதோ சுட்ட குண்டு செய்த வேலை. இயற்கையான இரையைக் கொல்ல முடியாமல்தான் அது மனிதரிடம் வந்தது என்றார் அவர். உயிரைப் போக்காத ஒரே குண்டுக்கு எத்தனை குடும்பங்கள் விலை கொடுத்தன!

சுடப்பட்ட விலங்குகளின் ஈயத்துகள் கலந்த உடல் மிச்சங்களைத் தின்று காண்டோர் கழுகுகள் மடிவதால், கலிஃபோர்னியா 2019 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டுகளைத் தடைசெய்திருக்கிறது. முழுச் செம்புக் குண்டு உடையாது, ஆழமாகச் செல்லும். அதை மனமார வரவேற்கிறேன். ஆனால் செம்பு ஈயத்தைவிடக் கடினம். பொதுவாக அது விரிய இன்னும் அதிக வேகம் வேண்டும். ஆகவே குண்டை மாற்றியவர்கள் தங்கள் பழைய தூரக் கணக்கை ஒதுக்கிவிட்டு, மானை இன்னும் நெருங்கிச் சென்றே சுட வேண்டும்.