கையில் வெண்ணெய்

(ரங்கூன் கோயில் மண்டபத்தில், தமிழ் வகுப்பு ஆண்டு விழாவில் பேசியது)

அறங்காவலர் குழுத் தலைவர் ஐயா அவர்களே, செயலாளர் ஐயா அவர்களே, மாலை போட்டு என்னைக் கூச்சப்பட வைத்த மாதர் குழு அம்மாமார்களே, பெகுவிலிருந்து விடியற்காலையிலேயே கிளம்பி வந்திருக்கும் பஜனைக் குழுவினரே, வணக்கம். போன வருஷம் பொருளாளர் ஐயாவைச் சொல்ல மறந்துவிட்டேன். ஒரு வாரம் என்னோடு அவர் பேசவில்லை. அதனால் பொருளாளர் ஐயா அவர்களே, உங்களுக்கு இரண்டு வணக்கம். ஜெனரேட்டரைத் தள்ளிக்கொண்டு வந்த தம்பிகளுக்கும் வணக்கம். அவர்கள் இல்லையென்றால் இந்த மைக்கே இல்லை.

'தொழில்நுட்பமும் நாமும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று விஷயம் சொல்லலாம் என்று வந்தேன். நம் அன்றாடப் பழக்கம் எப்படி மாறியது, பாட்டும் கலையும் என்ன ஆயின, கடைகண்ணியில் நாம் எப்படி வாங்குகிறோம். நேரம் இருக்கிறவரை பார்ப்போம்.

நடைபாதையில் மேசை போட்டு, அதன்மேல் நாலைந்து டெலிபோனை வைத்துக்கொண்டு ஒரு அக்கா உட்கார்ந்திருப்பார், ஞாபகம் இருக்கிறதா? நிமிஷத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து, லாரிச் சத்தத்துக்கு நடுவே ஒரு காதைப் பொத்திக்கொண்டு கத்துவோம். அப்போது சிம் கார்டு ஒன்று பல லட்சம் கியாட். 2014இல் வெளிநாட்டு கம்பெனிகள் வந்து அதே சிம்மை 1,500 கியாட்டுக்குக் கொடுத்தன. நம்மில் பலருக்கு வீட்டுக்கு டெலிபோன் வந்ததே இல்லை, நேரே கைக்குத்தான் வந்தது. இப்போது கரண்டு வந்ததும் தெருப் பிள்ளைகள் "மீ லா பீ!" என்று கூவுகின்றன. அந்தக் கூச்சல் அடங்குவதற்குள் வீட்டில் எத்தனை பேர் சார்ஜருக்குப் பாய்கிறோம் பாருங்கள். முன்பெல்லாம் விளக்கு வந்தால் முதலில் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிடுவோம்.

சரி, போன் கைக்கு வந்துவிட்டது. அதில் தமிழும் சேர்ந்தே வந்திருக்கிறது. நாம்தான் தொடுவதில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறோம். வீட்டுக் குரூப்பில் வருகிற செய்தியைப் பாருங்கள், தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிக்கிறோம். அதனால் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

முன்னொரு பங்குனி உத்திரம். வாசலில் கட்ட நாலு வாழை மரம் வேண்டும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் சிரியத்தில் மச்சான் இருக்கிறார், அவர் வீட்டுப் பக்கம் நல்ல தார் தள்ளிய மரம் கிடைக்கும். குடும்பக் குரூப்பில் நான் இங்கிலீஷ் எழுத்தில் "வீ, ஏ, எல், ஏ, ஐ" என்று அடித்து, "நாலு வேணும், பெருசா, காலையில் கோயிலுக்கு" என்று போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். அந்த ஐந்து எழுத்தை எப்படிப் படிப்பீர்கள்? வளை, வலை, வாளை, வாழை. எல்லாமே சரிதான்!

காலையில் முதலில் வந்தது என் தங்கை. கையில் பட்டுத்துணிப் பை. அதற்குள் பெரிய அளவில் நாலு கண்ணாடி வளையல். அம்மனுக்குச் சாத்தத்தான் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டாளாம். சரி, நல்லதுதான், அம்மனுக்கே போட்டோம். அப்புறம் மச்சான் வந்தார். வாசலில் சைக்கார், அதான் சைக்கிள் ரிக்‌ஷா, நின்றது. தெர்மாகோல் பெட்டி, ஓரத்தில் தண்ணீர் சொட்டுகிறது. குருக்கள் எட்டிப் பார்த்தார், மூக்கைச் சுளித்தார். "மச்சான், என்ன இது?" என்றேன். மூடியைத் திறந்தார். ஐஸுக்குள் நாலு வாளை மீன், ஒவ்வொன்றும் ஒன்றரை வீசை! "பெருசா கேட்டீங்களே, படகுக்காரனை எழுப்பி வாங்கினேன்" என்றார். கோபுர வாசலில் மீன் பெட்டியோடு நாங்கள் இரண்டு பேரும் நிற்கிறோம். உள்ளே காவடிக்கு விபூதி போடுகிறார்கள். மச்சானைத் திட்ட வாயெடுத்தேன். என்ன சொல்லித் திட்டுவது? அவர் படித்ததில் தப்பில்லை, நான் அடித்ததில்தான் தப்பு. அந்தச் சைக்காரிலேயே மீனைத் திருப்பி அனுப்பினோம். சாயங்காலம் அவர் வீட்டில் குழம்பு வைத்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தார்களாம். விரதம் என்று நான் தொடவில்லை. வாழை மரம்? வாசலில் அந்த வருஷம் வெறும் மாவிலைதான்.

(மச்சான் மூன்றாவது வரிசையில் இருக்கிறார். சிரிக்கிறார், பரவாயில்லை.)

இதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. இங்கிலீஷில் எல் ஒன்றே ஒன்று. நமக்கு ல, ள, ழ என்று மூன்று. பிள்ளைகளில் பலர் பர்மிய எழுத்தில் எழுதி வைத்துத்தான் திருப்புகழ் பாடுகிறார்கள். அவர்கள் பாடுவதே பெரிய விஷயம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பர்மிய எழுத்திலும் ழகரம் கிடையாதே. 1960களில் பள்ளிகள் அரசுடைமையானபோது நம் தமிழ்ப் பள்ளிக்கூடங்களும் போய்விட்டன. பிறகு இந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்புதான் பள்ளிக்கூடம்.

போனில் தமிழ் கஷ்டம் என்று சொல்லாதீர்கள். கம்ப்யூட்டர் எழுத்துகளுக்கான உலகப் பொதுக் குறியீடு யூனிகோடு. அதில் தமிழ் 1991இலேயே இடம் பிடித்துவிட்டது, பர்மிய எழுத்து 1999இல் வந்தது. 1999இல்தான் சென்னையில் மாநாடு கூட்டி 'தமிழ் 99' விசைப்பலகையும் வகுத்தார்கள். இந்த ஊரிலோ வெகுநாள் எல்லோரும் பர்மிய மொழியை, யூனிகோடோடு ஒத்துப்போகாத ஜோஜி என்ற எழுத்துருவில்தான் அடித்தோம். ஒருவர் போனில் ஒழுங்காகத் தெரிவது இன்னொருவர் போனில் சுக்குநூறாகத் தெரியும். 2019 அக்டோபர் 1ஆம் தேதி நாடே யூனிகோடுக்கு மாறுவது என்று நாள் குறித்து மாற ஆரம்பித்தது. டீக்கடைக்காரர் வரை மாறினார். அத்தனை பெரிய கூட்டம் மாறலாம், நம் வீட்டில் ஆறு பேர் மாற முடியாதா? செட்டிங்ஸில் போய்த் தமிழைச் சேர்க்க ஒரு நிமிஷம் போதும். அடிக்க வராவிட்டால் பேசுங்கள், அதுவே எழுதிக்கொள்ளும். வெண்ணெய் உருகி வழிகிறது ஐயா, நெய்க்கு எங்கே அலைகிறோம்?

கலையைப் பற்றிச் சொன்னேனா? போன மாதம் ஒரு தம்பி திருவிழா நோட்டீஸை ஏஐயில் போட்டுக்கொண்டு வந்தார். முருகன் அழகாகத்தான் இருந்தார், வேலைப் பிடித்த கையில் மட்டும் ஆறு விரல். கீழே தமிழ் மாதிரி ஏதோ கோணல் கோடுகள். "தம்பி, இது என்ன எழுத்து?" என்றேன். "தெரியலை மாமா, தமிழ்னு நினைச்சேன்" என்றார். அவரையும் நான் குறை சொல்ல முடியாது, படிக்கத் தெரிந்தால்தானே தப்புத் தெரியும். நாதஸ்வரத்துக்குப் பதில் ஸ்பீக்கர் வந்த கதையும் இருக்கிறது, அது என் வயிற்றெரிச்சல், வேண்டாம்.

வாங்குவது பற்றி... செயலாளர் ஐயா கடிகாரத்தைக் காட்டுகிறார். லைவ் வீடியோவில் புடவை வாங்கி, வீட்டுக்கு வந்த பிறகு கலர் வேறாக இருந்த அம்மாமார்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வாசல் பக்கம் ஒரு மேசை போட்டிருக்கிறோம். மூத்த வகுப்புப் பெண்பிள்ளைகள் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். சாப்பாட்டுக்குப் போகும் முன் போனைக் கொடுங்கள், தமிழைச் சேர்த்துத் தருவார்கள். காசு கிடையாது. தாத்தா பாட்டிகளுக்கு முதல் இடம். அடுத்த ஞாயிறு முதல் வகுப்பில் ஒரு மணி நேரம் தட்டச்சுக்கு ஒதுக்கித் தரும்படி தலைவர் ஐயாவை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். அவர் தலையாட்டுகிறார், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வருஷ வாழை மரத்துக்கு நான் இன்னும் சொல்லவில்லை. சிரியத்து மச்சானுக்கு அந்தச் செய்தியை அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி அடித்து அனுப்பட்டும். நான் பக்கத்தில் நின்று ழகரத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.