எஞ்சின் ஒயிலைத் தொட்டுப் பாருங்கள்

வணக்கம் நேயர்களே. எஞ்சினைப் பற்றிக் கதைக்கச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். மிகுந்த சந்தோசம். வகுப்பறை என்றால் படம் கீறிக் காட்டலாம், ஒரு பழைய பிஸ்டனைக் கையில் தந்து தடவிப் பார்க்கச் சொல்லலாம். வானொலியில் அது முடியாது. ஆனால் எஞ்சின் சத்தம் கேட்காத வீடு இன்று யாழ்ப்பாணத்தில் இல்லை. முற்றத்தில் ஒரு மோட்டார் சைக்கிள், தோட்டத்தில் ஓர் இறைப்பு மெசின், ஒழுங்கையில் ஓர் ஓட்டோ. அவற்றை நினைத்துக்கொண்டு கேளுங்கள், போதும்.

வாகனத்தை நாங்கள் நன்றாகத்தான் வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை கழுவுகிறோம், சந்தனம் குங்குமம் வைக்கிறோம், முன்னுக்குப் பூமாலை போடுகிறோம். ஆனால் மாதத்தில் ஒருதரமாவது டிப்ஸ்டிக்கை, அதாவது ஒயில் அளவு பார்க்கும் குச்சியை, இழுத்து எஞ்சின் ஒயிலைத் தொட்டுப் பார்க்கிறவர்கள் குறைவு. இன்று நான் எதைச் சொன்னாலும் சுற்றிச் சுற்றி இந்த இடத்துக்குத்தான் வருவேன். ஒயிலைத் தொட்டுப் பாருங்கள். ஏன் என்பதற்கு, முதலில் உள்ளே நடப்பது விளங்க வேண்டும்.

உங்கள் வீட்டு ஸ்பிளெண்டர் மோட்டார் சைக்கிளையே எடுப்போம். அதில் ஒரே ஒரு சிலிண்டர், அதாவது உருளையான குழி. உள்விட்டம் 50 மில்லிமீற்றர். அதற்குள் பிஸ்டன் என்ற உலோகக் கட்டை ஏறி இறங்கும் தூரம் 49.5 மில்லிமீற்றர். இரண்டையும் வைத்துக் கணக்குப் பார்த்தால் 97.2 சீசீ வரும். சீசீ, சீசீ என்று நாங்கள் சொல்வது இந்த இடத்தின் கொள்ளளவைத்தான்.

பிஸ்டன் கீழே இறங்கும்போது மேலே ஒரு வால்வு திறந்து, பெற்றோல் ஆவி கலந்த காற்று உள்ளே வருகிறது. வால்வு மூடுகிறது. பிஸ்டன் மேலே ஏறி அந்தக் கலவையை இறுக்கி அமுக்குகிறது. பிளக் பொறி போடுகிறது, கலவை எரிந்து விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. வேலை கிடைப்பது இந்த ஒரு தள்ளலில் மட்டும்தான். மறுபடி ஏறும்போது மற்ற வால்வு திறக்க, புகை வெளியே போகிறது. நான்கு ஓட்டம், அதில் ஒன்றுதான் உழைப்பு, மற்ற மூன்றும் அதற்கான ஆயத்தமும் துப்புரவும். ஜெர்மனியில் நிக்கொலஸ் ஒட்டோ 1876இல் ஓட்டிக் காட்டியது இந்த முறையைத்தான். பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேற்றர் போய், பெற்றோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் வந்துவிட்டது, கொம்பியூற்றர் வந்துவிட்டது, ஆனால் அந்த நான்கு ஓட்டமும் அப்படியே இருக்கிறது.

பிஸ்டன் ஏறி இறங்குகிறது, சில்லோ சுற்றவேண்டும். பிஸ்டனின் அடியில் தொங்கும் கொன்றொட் என்ற கம்பி, கிராங் என்ற வளைந்த தண்டைப் பிடித்துச் சுற்றவைக்கிறது. அந்தக் கிராங்கிலிருந்தே ஒரு சங்கிலியோ பெல்ற்றோ மேலே போய் காம் என்ற தண்டைச் சுழற்றி, வால்வுகளை நேரத்துக்கு நேரம் திறந்து மூடுகிறது. கிராங் இரண்டு சுற்றுச் சுற்றினால் காம் ஒரு சுற்று. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடுகிறது என்று வையுங்கள். பிஸ்டன் ஒரு செக்கனில் 50 தரம் ஏறி 50 தரம் இறங்குகிறது. அதாவது உங்கள் ஸ்பிளெண்டருக்குள் அந்தச் சின்னப் பிஸ்டன் செக்கனுக்கு ஏறத்தாழ 5 மீற்றர் தூரம் சிலிண்டர்ச் சுவரில் உரசிக்கொண்டு ஓடுகிறது. நீங்கள் கொடிகாமத்திலிருந்து யாழ்ப்பாணம் வந்து சேரும் வரைக்கும் இதே ஓட்டம்தான்.

உரசி ஓடுகிறது என்று சொன்னேன். உண்மையில் உரசக் கூடாது. பிஸ்டனைச் சுற்றி றிங்குகள் இருக்கின்றன. மேலே உள்ளவை எரிவாயு கீழே தப்பாமல் அமுக்கத்தைப் பிடித்து வைப்பவை. கீழே உள்ளது சுவரில் ஒயிலை அளவாக வழித்து விடுவது. றிங்குக்கும் சுவருக்கும் நடுவில் இருப்பது கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒயில் படலம். இரும்பை இரும்பு தின்னாமல் காப்பாற்றுவது அந்தப் படலம் ஒன்றுதான்.

அமுக்கம் ஏன் வேண்டும்? சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்மின் அடிப்பக்கத்தைப் பிடித்துப் பாருங்கள், சுடும். காற்றை அமுக்கினால் சூடேறும். எஞ்சினுக்குள்ளும் அதுதான் நடக்கிறது, பல மடங்கு பலமாக. டீசல் எஞ்சினில் பிளக் கிடையாது. காற்றை மட்டும் 16, 18, 20 மடங்கு என்று அமுக்கி, 500 பாகைக்கு மேல் சூடேற்றி, அதற்குள் டீசலைப் பீய்ச்சினால் தானாகவே பற்றிக்கொள்ளும். பெற்றோல் எஞ்சினில் அவ்வளவுக்கு அமுக்கக் கூடாது. அமுக்கினால் பொறிக்குக் காத்திராமல் கலவை தானாகவே பற்றி, பிஸ்டனைத் தாறுமாறாக அடிக்கும். ஏற்றத்தில் டக் டக் என்று கேட்குமே, அந்த அடி.

இனி மண்ணெண்ணெய்க்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் யாழ்ப்பாணத்தில் எஞ்சின் பாடம் நடத்த முடியாது.

1990இல் சண்டை மறுபடி தொடங்கி, பொருளாதாரத் தடை வந்தது. மின்சாரம் போனது, பற்றறி இல்லை, பெற்றோல் கண்ணில் காணக் கிடைக்காத சாமான் ஆனது. மண்ணெண்ணெய் மட்டும் கொஞ்சம் வந்தது, அதுவும் யானை விலை. ஜாம் போத்தல் விளக்கில் பஞ்சுத் துண்டை வைத்துப் படித்த பிள்ளைகள் இப்போது வைத்தியராகவும் பொறியியலாளராகவும் இருக்கிறார்கள். அந்தக் காலத்தில்தான் ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. வெளியூர்க்காரர் இன்றும் இதை நம்பமாட்டார்கள்.

எப்படி ஓடின? எரிவது பெற்றோல் அல்ல, பெற்றோலின் ஆவி. மூடியைத் திறந்தவுடன் மூக்கில் ஏறுகிறதே, அந்த ஆவி. பெற்றோல் விடியற்காலைக் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய் அப்படியல்ல. ஏறத்தாழ 150 பாகைக்குப் போனால்தான் கொதிக்கவே தொடங்கும். அதனால்தான் விளக்குக்குத் திரி தேவைப்படுகிறது. குளிர்ந்த எஞ்சினுக்குள் மண்ணெண்ணெயை விட்டால் அது துளியாகவே நிற்கும், பிளக் நனையும், எஞ்சின் அசையாது.

எங்கள் ஆட்கள் செய்த வேலை என்னவென்றால், பொனற்றுக்குள் ஒரு சலைன் போத்தலைத் தொங்கவிட்டு, அதில் கொஞ்சமே கொஞ்சம் பெற்றோல் வைத்து, குழாயைக் காபரேற்றருக்குக் கொடுத்தார்கள். பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, எஞ்சின் நன்றாகச் சூடானபிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தப் பழைய எஞ்சின்களில் காற்று உள்ளே போகும் குழாயும் புகை வெளியே வரும் குழாயும் ஒரே பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். புகைக் குழாயின் சூடு மற்றதையும் காய்ச்சும், மண்ணெண்ணெய் அங்கே ஆவியாகும். இன்னொன்று, அந்த எஞ்சின்களின் அமுக்கம் குறைவு. 7 மடங்கு, கூடிப்போனால் 8 சொச்சம். அதனால் மண்ணெண்ணெயின் அடியை ஒருமாதிரித் தாங்கின. எஞ்சினை நிறுத்துவதற்கு முன் மறுபடி பெற்றோலுக்கு மாற்றிக் கொஞ்சம் ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் காபரேற்றருக்குள் மண்ணெண்ணெய் தங்கி, விடிய ஸ்ராட் வராது.

இங்கிலாந்தில் ஃபேர்குசன் ட்ராக்டர்களில் பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய் மாதிரியான எரிபொருளுக்கு மாறும் ஏற்பாட்டைக் கொம்பனியே செய்து விற்றது. எங்கள் தோட்டங்களிலும் மண்ணெண்ணெய் இறைப்பு மெசின் அப்படித்தான் ஓடியது. புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் தண்ணீர் இறைத்த அந்த அனுபவம் எங்கள் கையில் ஏற்கெனவே இருந்தது. காருக்கு அதைக் கொண்டுவந்து பொருத்தியதில் இருக்கிற துணிவையும் புத்தியையும் நான் எப்போதும் பெருமையோடு சொல்வேன்.

ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. நான் அப்போது சுன்னாகப் பக்கம் ஒரு கராஜில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். ஹயர் கார் ஓடும் ஓர் அண்ணை தன் ஏ40ஐக் கொண்டுவந்தார். முகத்தில் பெரிய சந்தோசம். "தம்பி, இவ்வளவு ஓடியும் என்ர கார் ஒரு சொட்டு ஒயிலும் குடிக்கேல்லை. முந்தியைவிடக் கூடியெல்லோ இருக்கு, பார்" என்றார். டிப்ஸ்டிக்கை இழுத்தேன். உண்மைதான், மேல் கோட்டையும் தாண்டி நின்றது. விரலில் தொட்டுப் பார்த்தால் வழுக்கவே இல்லை, தண்ணீர் மாதிரி ஓடியது. மணந்து பார்த்தால் சுத்த மண்ணெண்ணெய்.

எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரில் வழிந்து, அந்த ஒயில் படலத்தைக் கழுவி, றிங்குகளைத் தாண்டிக் கீழே எஞ்சின் ஒயிலோடு கலந்துவிட்டது. அளவு கூடியது அதனால்தான். கொன்றொட் கிராங்கைப் பிடிக்கிற இடத்தில் மெல்லிய ஓடு மாதிரி பெயாரிங் இருக்கும். கெட்டியான ஒயில் இருந்தால் கிராங் அந்தப் பெயாரிங்கைத் தொடாமல் ஒயிலிலேயே மிதந்து சுற்றும். ஒயில் தண்ணீரானால் இரும்பு போய் முட்டும். அண்ணையின் காரை ஸ்ராட் பண்ணி அக்சிலேற்றரைக் கொஞ்சம் மிதித்ததும், அடியிலிருந்து டொக், டொக் என்று கனத்த சத்தம். கழற்றிப் பார்த்தபோது பெயாரிங்கின் வெள்ளைப் பூச்சு உரிந்து செம்பு நிறம் தெரிந்தது. புதுப் பெயாரிங்குக்கு எங்கே போவது? ஓடாமல் கிடந்த இன்னொரு ஏ40இலிருந்து கழற்றி, கையால் சுரண்டிச் சுரண்டி அளவுக்குக் கொண்டுவந்து பூட்டினோம். அண்ணையின் கார் ஓடியது. அன்றிலிருந்து அவர் விடியக் காலமை முதல் வேலையாக டிப்ஸ்டிக்கை இழுத்து மணந்து பார்த்துவிட்டுத்தான் தேத்தண்ணி குடித்தார்.

நான் இவ்வளவு நேரம் இதைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஒயில் குறைந்தால் ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். கூடினாலும் ஆபத்து. இன்றைக்கும் காபரேற்றர் உள்ள மோட்டார் சைக்கிளில் உள்ளே பெற்றோல் அளவைக் கட்டுப்படுத்தும் மிதவை இறுகிப் பெற்றோல் வழிந்தால் அது ஒயிலுக்குள் போகும். ஊற்றாமல் அளவு கூடினால் சந்தோசப்படாதீர்கள். மணந்து பாருங்கள்.

2022இல் எரிபொருள் வரிசையில் நின்றபோது சிலர் என்னிடம் கேட்டார்கள், அந்தக் காலம் மாதிரி மண்ணெண்ணெய் விடலாமா என்று. விடவே கூடாது. இப்போதைய பெற்றோல் எஞ்சின்களின் அமுக்கம் 9, 10 மடங்கு, அதற்கும் மேல், மண்ணெண்ணெய் விட்டால் பிஸ்டன் அடிபடும். புது டீசல் எஞ்சினில் டீசல் பம்முக்கு வழுவழுப்புத் தருவதே டீசல்தான். மண்ணெண்ணெயில் அந்தப் பசை போதாது, பம்மும் இன்ஜெக்டரும் தேய்ந்துவிடும்.

சரி, எப்படிப் பார்ப்பது? வாகனத்தைச் சமதரையில் விடுங்கள். எஞ்சினை நிறுத்தி ஐந்து நிமிடம் பொறுங்கள், மேலே நிற்கிற ஒயில் கீழே இறங்க வேண்டும். டிப்ஸ்டிக்கை இழுத்துத் துணியால் துடைத்து, மறுபடி முழுக்க விட்டு இழுங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். பிறகு ஒரு துளியைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து உருட்டுங்கள். வழுவழுப்பு இருக்கிறதா? மண்போல நெருடுகிறதா? வெயிலில் பிடித்தால் மினுமினு என்று துகள் தெரிகிறதா? தெரிந்தால் உள்ளே ஏதோ பெயாரிங் கரைகிறது, மெக்கானிக்கிடம் உடனே போங்கள். நிறம் கறுத்திருக்கிறதே என்று மட்டும் பயப்பட வேண்டாம், டீசல் எஞ்சினில் மாற்றிய கொஞ்ச நாளிலேயே கறுக்கும். ஆனால் பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் எஞ்சினை ஸ்ராட் பண்ணாதீர்கள், தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது.

அந்தத் தண்ணீரைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து இரண்டு நிமிடம் என்று கை காட்டுகிறார்கள், சுருக்கிச் சொல்கிறேன். எங்கள் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சக் காய்ச்சக் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு எஞ்சின் தண்ணீரை ஆறவைக்கும் றேடியேற்றரிலும், எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்குள் தண்ணீர் ஓடும் வழிகளிலும் படியும். வழி அடைபட்டால் சூடு கூடும், ஹெட் வளையும், ஹெட்டின் அடியில் கசிவைத் தடுக்கும் காஸ்கெற் போகும், தண்ணீர் ஒயிலுக்குள் வரும். ஆகவே கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். கலந்து விற்கும் கூலன்ற் என்ற குளிர்விக்கும் திரவத்தை விடுங்கள். சூட்டோடு றேடியேற்றர் மூடியைத் திறக்காதீர்கள். மூடி இருக்கும்வரை அமுக்கத்தில் தண்ணீர் 120 பாகை மட்டும் கொதிக்காமல் நிற்கும், திறந்தால் முகத்தில் சீறும்.

பிளக், பற்றறி எல்லாம் இன்னொரு நாள்தான். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பழைய கார் வாங்குகிறவர்கள், அதில் காமைச் சுழற்றுவது சங்கிலி அல்ல, ரைமிங் பெல்ற் என்றால் கடைசியாக எப்போது மாற்றியது என்று கேளுங்கள். பல ஜப்பான் கார்களுக்கு 100,000 கிலோமீற்றரில் மாற்றச் சொல்கிறார்கள். அது அறுந்தால் பல எஞ்சின்களில் பிஸ்டன் போய் வால்வில் அடிக்கும். விற்கிறவருக்குத் தெரியாது என்றால், வாங்கியவுடன் மாற்றிவிடுங்கள். நன்றி, வணக்கம்.