பென்சிலோடு படித்த டார்வின்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கதை, கவிதை அல்லாத புத்தகங்களைத் தினமும் கொஞ்சம் படிக்கும் பழக்கம் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். அதனால் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வாசகரை வைத்தே பேசுகிறேன். சார்லஸ் டார்வின். கப்பலில் போனார், பறவைகளைப் பார்த்தார், பரிணாமக் கொள்கையைச் சொன்னார் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்போம். அவர் எப்படிப் படித்தார் என்பது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

அதற்கு முன்னால் மனதில் உள்ள ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இப்போது கைப்பேசியில் 15 நிமிடத்தில் ஒரு புத்தகத்தின் சாரத்தைச் சொல்லிவிடுகிறார்கள். காலையில் நடந்துகொண்டே கேட்கலாம். என் மாணவர்கள் பல பேர் கேட்கிறார்கள். “சார், முந்நூறு பக்கத்துல ஆள் சொல்ல வர்றது ஒண்ணுதானே, அதை நேரா சொல்லிட்டா என்ன?” என்பார்கள். நியாயமான கேள்விதான். நான் அந்தச் செயலிகளுக்கு எதிரியும் இல்லை. எந்தப் புத்தகத்தை எடுக்கலாம் என்று தெரிந்துகொள்ள அவை போதும். ஆனால் அதைப் படிப்பு என்று கணக்கில் எழுதிக்கொள்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நுனிப்புல் மேய்வது என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

சரி, டார்வினுக்கு வருவோம்.

1837 ஜூலையில் அவர் ஒரு குறிப்பேட்டைத் தொடங்கினார். உயிரினங்கள் மாறுகின்றனவா, மாறினால் எப்படி என்பதுதான் அதில் கேள்வி. கப்பல் பயணம் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அன்றிலிருந்து கையில் கிடைத்ததையெல்லாம் படித்தார். கால்நடை வளர்ப்பு, தோட்டக்கலை, பயணக் குறிப்புகள், தத்துவம் என்று ஒன்றையும் விடவில்லை. 1838 முதல், படித்த புத்தகங்கள் என்றும் படிக்க வேண்டியவை என்றும் பட்டியல் போட்டு வைத்தார். இந்தப் பழக்கம் ஏறக்குறைய 22 வருடம் நீடித்தது.

அந்த வரிசையில் ஒருநாள் மால்தூஸ் என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் எழுதிய மக்கள்தொகை பற்றிய நூல் கைக்கு வந்தது. 1798-இல் முதலில் வெளிவந்த புத்தகம் அது. டார்வின் படித்தது பின்னால் வந்த ஆறாம் பதிப்பு. மக்கள்தொகை 2, 4, 8, 16 என்று பெருகும், உணவு உற்பத்தியோ 1, 2, 3, 4 என்றுதான் ஏறும், ஆகவே வறுமையும் பஞ்சமும் தவிர்க்க முடியாதவை என்பது மால்தூஸின் வாதம். அவர் கவலையெல்லாம் மனிதர்களைப் பற்றியது. இங்கிலாந்தில் ஏழைகளுக்கு உதவித்தொகை கொடுக்கலாமா கூடாதா என்ற சண்டையில் அந்தப் புத்தகம் பெரிய ஆயுதமாக இருந்தது. அவருடைய முடிவுகள் பலவற்றை இன்று ஏற்க முடியாது, அது வேறு கதை.

டார்வின் பொழுதுபோக்காகத்தான் அதை எடுத்ததாகச் சொல்கிறார். படிக்கும்போது அவருக்குத் தட்டியது மால்தூஸ் சொல்ல நினைக்காத விஷயம். இந்த நெருக்கடி செடிக்கும் விலங்குக்கும் உண்டல்லவா? பிறப்பவை எல்லாம் பிழைப்பதில்லை. அப்படியானால் பிழைக்க உதவுகிற சின்ன வேறுபாடு நிலைக்கும், உதவாதது அழியும். இயற்கைத் தேர்வு என்று நாம் பாடத்தில் படிக்கும் கொள்கை அவருக்குப் பிடிபட்டது இங்கேதான். யோசித்துப் பாருங்கள், மால்தூஸின் நூலை 15 நிமிடச் சுருக்கமாக யாராவது அவருக்குச் சொல்லியிருந்தால் ஏழைகளுக்கான சட்டம் பற்றித்தான் சொல்லியிருப்பார்கள். சுருக்குகிறவருக்கு டார்வினின் மனதில் இருந்த கேள்வி எப்படித் தெரியும்?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1876-இல் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதும்போது, மால்தூஸைப் படித்தது 1838 அக்டோபரில் என்கிறார் டார்வின். அவருடைய குறிப்பேட்டில் அந்தச் சிந்தனை செப்டம்பர் 28-ஆம் தேதியிலேயே இருக்கிறது. இவ்வளவு பெரிய விஷயத்திலேயே நினைவு கொஞ்சம் தடுமாறுகிறது, தாள் தடுமாறவில்லை.

இன்னொரு வாசகரும் இந்தக் கதையில் உண்டு. ஆல்ஃபிரட் வாலஸ். லெஸ்டர் நகரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த இளைஞர். 1840-களின் நடுவில் ஊர் நூலகத்தில் இதே மால்தூஸைப் படித்தார். பல வருடம் கழித்து, 1858 பிப்ரவரியில், இன்றைய இந்தோனேசியாவின் மலுக்கு தீவுகளுக்கு உயிரினங்களைச் சேகரிக்கப் போய், அங்கே காய்ச்சலில் படுத்திருந்தபோது அந்தப் புத்தகம் ஞாபகத்துக்கு வந்தது. டார்வினுக்குத் தோன்றியது அவருக்கும் தோன்றியது. எழுதி, டார்வினுக்கே அனுப்பினார்! அந்த வருடம் ஜூலை 1 அன்று லண்டனில் லின்னேயன் சங்கம் என்ற இயற்கை ஆய்வாளர்கள் அமைப்பில் இருவரின் கட்டுரைகளும் சேர்த்து வாசிக்கப்பட்டன. அந்த நூலை எத்தனையோ ஆயிரம் பேர் படித்திருப்பார்கள். இந்த இரண்டு பேரும் உயிரினங்கள் பற்றிய அதே கேள்வியை வருடக்கணக்காகச் சுமந்துகொண்டிருந்தவர்கள்.

ஆகையால் தினம் ஒரு புத்தகம், தினம் ஒரு புதுச் சிந்தனை என்று ஓடுவதைவிட, ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஒரு வருடம் படித்துப் பாருங்கள் என்பேன். உங்கள் ஊர் ஏரி ஏன் வற்றியது, பிள்ளைகள் கணக்கில் ஏன் திணறுகிறார்கள், விலைவாசி ஏன் ஏறுகிறது, எதுவாகவும் இருக்கட்டும்.

அப்புறம், அவர் படித்த விதம். மகன் பிரான்சிஸ் இதைப் பற்றி அழகாக எழுதி வைத்திருக்கிறார். டார்வின் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் மனைவி எம்மாவோடு பகடை உருட்டி பேக்கமன் இரண்டு ஆட்டம் ஆடுவார். யார் எத்தனை ஆட்டம் ஜெயித்தார்கள் என்பதற்கும் கணக்கு இருந்தது. எம்மா 2,490, தான் 2,795 என்று ஒரு கடிதத்தில் பெருமை அடித்துக்கொள்கிறார். ஆட்டம் முடிந்த பிறகு அறிவியல் புத்தகம். சோர்வு தட்டும்வரைதான் படிப்பார். நாவலை மட்டும் மற்றவர்கள் வாசிக்க, அவர் படுத்துக்கொண்டு கேட்பார்.

புத்தகத்தைப் பூஜை அறையில் வைக்கிற ஆள் அவர் இல்லை. கனமான புத்தகம் கையை வலித்தால் நடுவில் வெட்டி இரண்டாக்கிவிடுவார். சிறு பிரசுரம் என்றால் தேவையான தாளை வைத்துக்கொண்டு மற்றதைக் கிழித்துப் போட்டுவிடுவார். புத்தகம் தெரியாமல் காலில் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற நமக்கு இதெல்லாம் பதறத்தான் செய்யும்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது பென்சிலை. படிக்கும்போது ஓரத்தில் கோடு போடுவார், இரண்டு சொல் எழுதுவார். கடைசிப் பக்கத்தில் எந்தெந்தப் பக்கம் முக்கியம் என்று எண்களைக் குறிப்பார். பிறகு கோடு போட்ட இடங்களை மட்டும் திரும்பப் பார்த்து, தலைப்பு வாரியாகத் தனித்தனித் தாளில் எழுதி, அந்தந்த உறையில் போட்டுவிடுவார். அப்படி 30, 40 பெரிய உறைகள் வைத்திருந்தார். இரவல் புத்தகம் என்றால் அதில் கை வைக்காமல் தனித்தாளில் சுருக்கம் எழுதிக்கொள்வார். நூலகப் புத்தகத்தில் கோடு போடுகிற நம்மவர்கள் இதைக் கவனிக்கலாம்.

எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த பழக்கம் ஒன்று உண்டு. தன் கொள்கைக்கு எதிரான செய்தி எங்காவது கண்ணில் பட்டால், அதை அந்த நிமிடமே எழுதிவிட வேண்டும் என்று விதி வைத்திருந்தார். சாதகமான செய்தி மனதில் தானாகத் தங்கும், பாதகமானது நழுவிவிடும் என்பது அவர் அனுபவத்தில் கண்டது. அதனால்தான் 1859-இல் வந்த அவருடைய ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலில் ஆறாவது அத்தியாயம் முழுக்கத் தன் கொள்கையில் உள்ள சிக்கல்களைத் தானே அடுக்க முடிந்தது. கண் போன்ற நுட்பமான உறுப்பு எப்படிப் படிப்படியாக உருவாகியிருக்கும்? இடைப்பட்ட உருவங்களை ஏன் எங்கும் காணோம்? எதிராளி கேட்பதற்குமுன் அவரே கேட்டுப் பதில் தேடுகிறார், சில இடங்களில் திணறவும் செய்கிறார். நல்ல ஆசிரியரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது அந்தத் திணறல்தான். சுருக்கத்தில் முதலில் வெட்டுப்படுவதும் அதுதான்.

இப்படியெல்லாம் படித்தவர் கண்ணுக்கும் ஒன்று தப்பியது. பட்டாணிச் செடிகளை வைத்துப் பரம்பரையை ஆராய்ந்த மெண்டலின் கட்டுரை 1866-இல் அச்சானது. பரம்பரைப் பண்புகள் எப்படிக் கடத்தப்படுகின்றன என்பது டார்வின் கடைசிவரை திண்டாடிய கேள்வி. 1882-இல் அவர் இறக்கும்வரை அந்தக் கட்டுரை அவர் கவனத்துக்கு வந்ததாகத் தெரியவில்லை. ஆனால் மெண்டல் டார்வினைப் படித்திருந்தார், ஜெர்மன் மொழிபெயர்ப்பில், அவரும் பென்சிலால் கோடு போட்டு.

ஜெர்மன் என்றதும் ஞாபகம் வருகிறது. டார்வினுக்கு அந்த மொழி பெரும் பாடு. வேலைக்குத் தேவையான புத்தகங்கள் பல அதில்தான் இருந்தன. அகராதியை வைத்துக்கொண்டு ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பார். அன்றைக்கு நிறுத்திய இடத்தில் பென்சிலால் ஒரு குறி வைப்பார். அப்பாவுக்குப் பிறகு அந்தப் புத்தகங்களைப் படித்த பிரான்சிஸ், ஒரு குறிக்கும் அடுத்த குறிக்கும் நடுவில் இருந்த தூரம் எவ்வளவு குறைவு என்று பார்த்து வியந்திருக்கிறார். தினமும் 20 பக்கம், 30 பக்கம் என்று சபதம் போட்டுவிட்டு நாலாம் நாள் விட்டுவிடுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

அந்த மொழியைப் படிக்க ஆரம்பித்த புதிதில், தன் நண்பர் ஹூக்கரிடம், “நான் ஜெர்மன் தொடங்கிவிட்டேன்” என்று பெருமையாகச் சொன்னாராம் டார்வின். ஹூக்கர் பெரிய தாவரவியல் அறிஞர். அவர் சிரித்துக்கொண்டே, “அது ஒன்றும் பெரிய விஷயமில்லை, நான் எத்தனையோ தடவை தொடங்கியிருக்கிறேன்” என்றாராம்.

வணக்கம்.